கோயில் இல்லாத கடவுளுக்குக் காணிக்கை எங்கே?

கேள்வி: ஈராழி என்ற கற்பனை உலகை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் கலைக்கும் நாடோடிகளுக்கும் ஒரு கடவுள் வருகிறார். பெயர் சேணன். கையில் யாழ், தோளில் மூட்டை, கூடவே ஒரு வெள்ளை நரி. ஒரு கண் பச்சை, மற்றது பொன்னிறம். பாடகர், சிற்பி, ஓவியர், வணிகர், அநாதைகள் என எல்லோரையும் அன்போடு காக்கிறார். முதல் அத்தியாயம் முழுக்க அவர் பிறந்த கதைதான். படித்த நண்பர் ஒருவர், நாலு நாட்டுக் கடவுள்களைக் கலந்து செய்தது போலிருக்கிறது என்றார். இன்னொருவர் இருபதாம் பக்கத்துக்குள் அவரை மறந்தே போனாராம். எங்கே பிசகுகிறது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கலந்து செய்ததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கடவுள்கள் ஊர் மாறுவதும் உரு மாறுவதும் பழைய வழக்கம். நம் சரஸ்வதியே பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போய், வீணையை வைத்துவிட்டு பீவா என்ற வாத்தியத்தை எடுத்துக்கொண்டு பென்சைட்டென் ஆகியிருக்கிறாள். எனக்கு உறைத்தது இரண்டாவது நண்பர் சொன்னதுதான். இருபது பக்கத்தில் ஒரு கடவுள் மறந்துபோகிறார் என்றால், அந்த இருபது பக்கத்தில் யாருக்கும் அவரால் ஒரு காரியமும் ஆகவேண்டியிருக்கவில்லை. அலங்காரத்தை முடித்துவிட்டீர்கள், கும்பிட ஆளைத்தான் காணோம்.

கலையும் அலைச்சலும் இயல்பாகவே ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சிற்பிக்குக் கல் வேண்டும், கல் நடக்காது. ஓவியருக்குச் சுவர் வேண்டும். பாடகருக்குச் சோறு போட ஒரு புரவலர் வேண்டும். நாடோடியோ விடிந்தால் கிளம்புகிறவர். இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கடவுள் ஏன்? ஈராழிக்குள்ளேயே இதற்கு விடை இருந்தாக வேண்டும்.

தமிழில் எழுதுகிறீர்கள், ஆகவே விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் இருக்கின்றன. அவற்றுள் திருமுருகாற்றுப்படை முருகனிடம் வழிப்படுத்துகிறது. மற்ற நான்கிலும், பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர் வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞரிடம் இன்ன வழியில் போ, இன்னாரைப் பார் என்கிறார். பொருநராற்றுப்படையை உரையோடு ஒருமுறை படியுங்கள். பாலை என்ற பண் ஒலிக்கக் கேட்டால் வழிப்பறிக் கள்வர்களும் ஆயுதத்தைக் கைவிட்டு அருள் வழிக்குத் திரும்பிவிடுவார்கள் என்று அதில் வருகிறது. காட்டு வழியில் போகிறவருக்குப் பாட்டுதான் காவல். கலைக்கும் வழிநடைக்கும் ஒரே கடவுள் இருக்க இது ஒரு நல்ல காரணம்.

ஆனால் அதே நூலில் இதைவிடப் பெரிய புதையல் இருக்கிறது. பொருநர் என்ற அந்தக் கலைஞர் சோழன் கரிகாலனிடம் வந்து சேரும்போது உடுத்தியிருப்பது ஈரும் பேனும் குடியிருக்கும் கந்தல், வேர்வையில் ஊறியது, வேற்று நூலால் தைத்துத் தைத்துப் போட்டது. கரிகாலன் அதைக் களைந்து பாம்புத் தோல் போன்ற மெல்லிய ஆடை தருகிறான். இரவும் பகலும் இறைச்சி தின்று தின்று, கொல்லை உழுத கொழுவைப் போலப் பொருநரின் பல் மழுங்கிவிடுகிறது. பிறகு ஒருநாள் ஊருக்குப் போகிறோம் என்று மெல்ல விடை கேட்கிறார். உடனே கரிகாலன் சினந்தவனைப் போலப் பார்த்து, எங்களை விட்டுப் போகிறீர்களா என்கிறான்.

உங்கள் சேணன் பிறக்க வேண்டிய இடம் அந்தப் பார்வை. சோறு போட்டவர் கையைப் பிடித்துக்கொள்கிறார், கலைஞருக்குக் கால் பரபரக்கிறது. இந்த இருவருக்கும் நடுவில், வாசற்படியில் நிற்கிற கடவுள் ஒருவர் இருந்தால் அவரை எந்த வாசகரும் மறக்க மாட்டார். ஈராழியில், சேணன் பெயரைச் சொல்லி விடைகேட்டவரை அரசரும் தடுக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள். அரசர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போகும். கடன்காரர்களும் கள்ளக் காதலர்களும் அந்தப் பெயரைத் தவறாகப் பயன்படுத்துவார்கள். எல்லாவற்றையும் நீங்கள் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், பாத்திரங்களே யோசிப்பார்கள்.

அப்படியானால் ஓரிடத்திலேயே இருக்கும் சிற்பி என்ன செய்வார்? சேணனை வணங்கும் சிற்பிகள் எந்தச் சிலையிலும் இடது காலின் சுண்டுவிரலை மட்டும் செதுக்காமல் விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்ச வேலை இருக்கும்வரை கடவுள் அந்த வழியாகத் திரும்பி வருவார் என்பது நம்பிக்கை. நகரத்துப் பணக்காரர் ஒருவர் குறையில்லாத சிலைதான் வேண்டும், இரட்டைக் கூலி தருகிறேன் என்கிறார். சிற்பியின் வீட்டில் மகளுக்குக் காய்ச்சல். இரவில் விளக்கு வைத்துக்கொண்டு அந்தச் சுண்டுவிரல் மேல் உளியை வைக்கிறார். உங்கள் முதல் அத்தியாயத்தை இங்கிருந்து தொடங்கலாம். இந்தச் சுண்டுவிரலை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், நான் உரிமை கோரமாட்டேன்.

எல்லோரிடமும் அன்பு என்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மக்களின் ஒடின் கவிதைக்கும் கடவுள், மாறுவேடத்தில் ஊர் சுற்றுகிறவரும்கூட. உங்களவருக்கு நெருங்கிய உறவினர். கவிதை தரும் மதுவை அவர் எப்படிக் கொண்டுவந்தார் என்பதை 13-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தின் ஸ்நோரி ஸ்டுர்லுசன் எழுதி வைத்திருக்கிறார். காவலிருந்த பெண்ணோடு மூன்று இரவு தங்கி, மூன்று மிடறில் மூன்று கலத்தையும் காலி செய்து, கழுகாக மாறிப் பறக்கிறார். துரத்தல் நெருங்கிய அவசரத்தில் கொஞ்சம் மது பின்பக்கமாக வெளியேறிவிடுகிறது. அந்தப் பங்கு மட்டமான கவிஞர்களுக்காம்! நம்மில் பலருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று இப்போது புரிந்திருக்கும். திருட்டு, துரோகம், அசிங்கம், சிரிப்பு எல்லாம் கலந்திருப்பதால்தான் எண்ணூறு ஆண்டு கழித்தும் இந்தக் கதை நிற்கிறது. சேணனால் ஏமாற்றப்பட்டவர் ஒருவராவது உங்கள் உலகில் உயிரோடு இருக்கட்டும்.

அடையாளப் பட்டியல் இல்லாமலும் கடவுளைச் செய்யலாம் என்பதற்கு, எழுத்தாளர் டன்சனி பிரபு 1905-இல் வெளியிட்ட, பெகானா என்ற கற்பனை உலகின் கடவுளர் கதைகளைச் சொல்வேன். அதில் ரூன் என்று போவதற்கே ஒரு கடவுள். ஆதியில் அவர் உலகங்களின் முன்னால் நடனமாடினார், அன்று முதல் அவை ஓயவே இல்லை. கண் நிறம் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

இனி காசு விஷயம். புராணம் எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. வழிநடைக் கடவுளுக்கும் ஓரிடத்தில் கோயில் இருக்கலாம். வேலூர் அருகே விரிஞ்சிபுரத்தில் சிவனே மார்க்கபந்து, வழித்துணைநாதர் என்ற பெயரோடு வீற்றிருக்கிறார். கிரேக்கர்கள் வேறு மாதிரி. வழிப்போக்கருக்கும் திருடருக்கும் கடவுளான ஹெர்மிஸுக்குத் தெருவிலும் வாசலிலும் தலை வைத்த கல்தூண் நிறுத்தினார்கள். கி.மு. 415-இல் ஏதென்ஸ் படை சிசிலிக்குக் கப்பலேறவிருந்த சமயம், ஒரே இரவில் நகரெங்கும் அந்தத் தூண்களை யாரோ சிதைத்தார்கள். பயணத்துக்கே அபசகுனம், ஆட்சியைக் கவிழ்க்கச் சதி என்று ஊர் கலங்கிப்போனது. தெருமுனைக் கல் உடைந்தால் அரசியல் ஆடுகிறது, பாருங்கள்.

சேணனுக்குக் கோயில் உண்டா? இல்லையென்றால் காணிக்கை யார் கைக்குப் போகிறது? என்னைக் கேட்டால் சத்திரக்காரர்களிடம் விட்டுவிடுவேன். அவர்கள்தான் பூசாரிகள். பாட்டுப் பாடினால் ஓர் இரவுக்கு இலவசப் படுக்கை என்பது அங்கே பழைய வழக்கம். ஆனால் கூட்டம் பெருகியதும் எது பாட்டு, எது கூச்சல் என்று தீர்மானிக்கும் அதிகாரம் சத்திரக்காரருக்கு வந்துவிடுகிறது. உங்கள் நாவலின் வில்லன் அங்கே சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கலாம்.

உங்கள் சேணனைப் போல வேறு கடவுள் எங்காவது இருக்கிறாரா என்று தேடி அலைவதை நிறுத்துங்கள். விதியும் காணிக்கையும் கோபமும் உங்கள் உலகத்துடையதாக இருந்தால் கையில் யாழ் இருந்தாலும் தம்பூரா இருந்தாலும் ஒன்றுதான். இரட்டை நிறக் கண்ணை மட்டும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள், அதை எல்லோரும் வைக்கிறார்கள். நரி இருக்கட்டும். சத்திரத்து நாய்கள் ஓர் இரவு முழுக்கக் குரைத்தால் போதும், நரி வந்ததை நீங்கள் காட்டவே தேவையில்லை.

பிறந்த கதையை வீணாக்க வேண்டாம். அதை நடுவில் எங்காவது, வாடகை பாக்கி வைத்த பாடகர் ஒருவரிடம் சத்திரக்காரர் சொல்லட்டும். அவருடைய கதையில் சேணன் தன் முதல் கூலியைச் சத்திரத்துக்குக் கொடுத்திருப்பார். பாடகருக்குத் தெரிந்த கதையில் கொடுக்காமல் ஜன்னல் வழியாக இறங்கிப் போயிருப்பார்.