வட்ட முள் போட்டும் சுறா குறையவில்லை என்றால்

முள் இருக்கட்டும், முள்ளுக்கு மேலே இருக்கும் எஃகுக் கம்பியை மாற்றுங்கள். அந்த இடத்தில் நைலான் நரம்பு இருந்தால் பல சுறா கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும்.

சூரைக்கு விடும் ஆயிரங்கால் தூண்டிலில் (நீண்ட கயிற்றில் வரிசையாக முட்களைத் தொங்கவிடுவது) நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளுக்கு மாறியும் வெள்ளைநுனிச் சுறா விழுகிறது என்கிறீர்கள். வட்ட முள் பெரிதும் உதவுவது ஆமைக்குத்தான். சுறா மாட்டுவதை அது குறைக்கும் என்று நம்ப முடியாது. தொண்டைக்குள் இறங்காமல் வாயோரம் குத்துவதால், விட்டபின் பிழைக்க வாய்ப்பு கூடும், அவ்வளவே. அதனால் வட்ட முள்ளைக் கழற்றவும் வேண்டாம்; மாற்ற வேண்டியது கம்பியைத்தான். மேற்கு மத்திய பசிபிக் மீன்வள ஆணையமே 2024 முதல் வடக்கு 20 பாகைக்கும் தெற்கு 20 பாகைக்கும் இடையே கம்பியைத் தடை செய்திருக்கிறது.

சில பயணங்களுக்கு ஒரு கணக்கு வையுங்கள்: சுறா மாட்டிய முள் மிதவையிலிருந்து எத்தனையாவது? மிதவையை ஒட்டி மேலாகத் தொங்கும் முதல் இரண்டு மூன்றிலேயே குவிந்தால் ஆழமும் காரணம். வெள்ளைநுனி மேல்நீரில் திரிவது. அந்த முட்களை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள்.

ஆனால் நைலானுக்கு மாறினால் முள் செலவு கூடும். அறுத்துப் போனதெல்லாம் பிழைக்கும் என்றும் இல்லை, வாயில் முள்ளோடுதான் போகிறது. மாட்டியிருப்பதைத் தளத்துக்குத் தூக்காமல் தண்ணீரிலேயே, முள்ளை ஒட்டி நரம்பை வெட்டுங்கள்.