ஏர்வாடியில் 'பேய் பிடித்தவர்' என்ற பேச்சு மாறிவிட்டதா?

பேச்சு இன்னும் இருக்கிறது, மாறியது சங்கிலிதான். ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்கு மனநோயாளிகளைக் குணம் வேண்டிக் குடும்பங்கள் கூட்டிவருவார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டிவைத்திருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது; அதுபோன்ற காப்பகங்கள் மூடப்பட்டன. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது.

இப்போது தர்காவில் துஆவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் உண்டு. இதுதான் நடக்கக்கூடிய வழி. தர்காவுக்குப் போகாதே என்றால் குடும்பம் மருத்துவரைத்தான் கைவிடும்.

சறுக்குவது வேறிடத்தில். ஆள் கொஞ்சம் தெளிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நோய் திரும்பும், 'மறுபடி பிடித்துக்கொண்டது' என்பார்கள். நிறுத்துமுன் மருத்துவரைக் கேளுங்கள். அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை.