விட்ட பிறகு தெரியும் புகை

அன்புள்ள ஐயா,

இருபத்திரண்டு வருடம் சிகரெட் பிடித்தவன் நான். விட்டு ஐந்து மாதம் ஆகிறது. விட்ட மூன்றாவது வாரம், பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது திடீரென்று சிகரெட் நாற்றம் அடித்தது. திரும்பிப் பார்த்தால் பிடிக்கிறவர் இருபதடி தள்ளி நிற்கிறார். அன்றிலிருந்து எங்கே போனாலும் புகைதான். அலுவலக மாடிப்படி, மருத்துவமனை வாசல், பூங்கா பெஞ்சு. இத்தனை நாள் இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

பிடிக்கிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. ஆனால் வாய் திறக்க முடியவில்லை. போன வருடம் வரை அதே மாடிப்படியில் நின்று பிடித்தவனுக்கு அதைச் சொல்ல என்ன யோக்கியதை? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், சில நேரம் அந்த நாற்றம் வந்ததும் ஒரு நொடி ஆசையாகவும் இருக்கிறது. அப்புறம் வீட்டுக்குப் போனால் மகள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. அவளுக்குப் பதினான்கு வயது. அவள் எதிரில் நான் ஒருநாளும் பிடித்ததில்லை. பால்கனிக்குப் போய்த்தான் பிடிப்பேன். அது போதாதா?

ஒரு வாசகர் (பெயர் வேண்டாமே)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். போதாது. உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. நானும் பதினெட்டு வருடம் பால்கனியில் நின்று பிடித்தவன். விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது.

விட்ட இரண்டாவது மாதம் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கம்பளிச் சட்டையை எடுத்தேன். துவைத்து மடித்து வைத்த சட்டைதான். தலை வழியாக மாட்டும்போது மூக்கில் ஏறியது பாருங்கள், ஈரமான சாம்பல் கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல ஒரு நெடி. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வீடு முழுக்க மோந்து பார்த்துக்கொண்டே போனேன். திரைச்சீலையில் இருந்தது. புத்தகங்களில் இருந்தது. கடைசியில் என் மகனுடைய மெத்தையில் முகத்தை வைத்துப் பார்த்தேன். லேசாக, ஆனால் சந்தேகமே இல்லாமல், அங்கேயும் இருந்தது. பால்கனியில் பிடித்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் படுத்துத்தான் தினமும் கதை சொல்வேன். சட்டையிலும் முடியிலும் மூச்சிலும் அதைச் சுமந்துகொண்டு போயிருக்கிறேன்.

இத்தனை நாள் ஏன் தெரியவில்லை என்று கேட்கிறீர்கள். சிகரெட் பிடிப்பவர்களுக்கு மோப்பசக்தி மங்கிவிடுகிறது. போதாததற்கு, எப்போதும் கூடவே இருக்கும் நாற்றத்தை மூளை பொருட்படுத்துவதில்லை. விட்டால் சில வாரங்களில் மூக்கு தேற ஆரம்பிக்கும். அந்தப் பேருந்து நிறுத்தத்தில் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. மற்றவர்கள் இத்தனை வருடமாக மோந்துகொண்டிருந்ததை அன்றைக்கு நீங்களும் மோந்தீர்கள், அவ்வளவுதான்.

ஒரு சிகரெட்டை நாம் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்தாலே அதிகம். மற்ற நேரமெல்லாம் அது விரலிடுக்கில் தானாகக் கனன்றுகொண்டிருக்கிறது. பிறர் சுவாசிக்கும் புகையில் பெரும்பங்கு அந்த நுனியிலிருந்து வருவதுதான். அது எந்த ஃபில்டர் வழியாகவும் வருவதில்லை. வெப்பம் குறைவாக, அரைகுறையாக எரிவதால் கார்பன் மோனாக்சைடும் புற்றுநோய் உண்டாக்கும் சில பொருள்களும் அதில் இன்னும் கூடுதல். புகையின் துகள்கள் மிக நுண்ணியவை, மூடிய இடத்தில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். ஜன்னலைத் திறப்பதும் மின்விசிறியைப் போடுவதும் நம் மனதுக்குத்தான் ஆறுதல். இதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006ஆம் ஆண்டு அறிக்கை தெளிவாகவே சொல்லிவிட்டது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிராயாமா நினைவுக்கு வருவார். சிகரெட்டைத் தொட்டே பார்க்காத தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட மனைவிமாரை 14 வருடம் தொடர்ந்து கவனித்து, 1981இல் முடிவை வெளியிட்டார். கணவன் அதிகம் பிடிக்கப் பிடிக்க மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் ஏறிக்கொண்டே போனது. சிகரெட் நிறுவனங்கள் அவரைக் கடுமையாகத் தாக்கின. ஆனால் அவர் கணக்கு சரிதான் என்று அவர்கள் தரப்பு நிபுணர்களே உள்ளுக்குள் ஒப்புக்கொண்டிருந்தது பின்னாளில் வெளிவந்த ஆவணங்களில் தெரிந்தது. எனக்கு அந்த எண்களைவிட அந்தப் பெண்கள்தான் கண்முன் வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள்? என் மனைவி என் சட்டைகளைத் தனியாகத் துவைப்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

சரி, உங்கள் கோபத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனை வாசலில் நின்றிருந்தேன். தோளில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வண்டிக்குக் காத்திருந்தாள். காற்று திரும்பும்போதெல்லாம் உள்ளங்கையைக் குழந்தையின் முகத்துக்கு முன்னால் குவித்துப் பிடித்தாள், புகையைக் கையால் தடுத்துவிடலாம் என்பதுபோல. நாலடி தள்ளி ஒருவர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். சுர்ரென்று கோபம் ஏறித் திரும்பினால், கசங்கிய சட்டையும் தூங்காத கண்ணுமாக நிற்கிறார். உள்ளே யாருக்கோ இரவெல்லாம் துணை இருந்துவிட்டு வந்தவர். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்பாவுக்காக நானும் அப்படி நின்றிருக்கிறேன். பக்கத்தில் போய், "குழந்தை இருக்கு, கொஞ்சம் அந்தப் பக்கம் போயிடலாமா?" என்றேன். அப்போதுதான் அவளைக் கவனித்தார். பதறிப்போய் அணைத்துவிட்டார்.

அதனால் யோக்கியதை பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அவருக்கு ஏன் தெரியவில்லை என்பது, பிடித்துப் பிறகு விட்டவர்களான நமக்குத்தான் நன்றாகத் தெரியும். மெதுவாகக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் நகர்ந்துவிடுவார்கள். முறைக்கிறவரிடம் மல்லுக்கு நிற்காமல் நீங்கள் நகர்ந்துவிடுங்கள்.

ஆனால் அலுவலக மாடிப்படியை அப்படி விடாதீர்கள். மாடிப்படி புகைபோக்கி மாதிரி. கீழே பிடித்தால் மேல்தளம் வரை ஏறும். நீங்கள் ஒரு நிமிடத்தில் கடந்துவிடுவீர்கள். அதைக் கூட்டித் துடைக்கிறவரும் வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற காவலாளியும் எங்கே போவார்கள்? ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சி இதை மாற்ற முடியாது, நிர்வாகம்தான் விதி போட வேண்டும். அயர்லாந்து 2004 மார்ச்சில் மதுக்கூடங்கள் உட்பட மூடிய பணியிடங்கள் எல்லாவற்றிலும் புகைக்கத் தடை போட்டது. நாடு முழுமைக்கும் அப்படிச் செய்த முதல் நாடு அது. அதற்குப் பிறகு மதுக்கூடங்களில் வேலை செய்கிற, புகைப்பழக்கம் இல்லாதவர்களின் உமிழ்நீரைச் சோதித்தார்கள். நிக்கோடின் உடலுக்குள் போனதைக் காட்டும் கோட்டினின் 80 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது. இருமல், இளைப்பு போன்ற தொந்தரவுகளும் குறைந்திருந்தன. ஊழியர்கள் அதேதான், வேலையும் அதேதான். மாறியது காற்று ஒன்றுதான். உங்கள் கோபத்தை ஒரு பக்கக் கடிதமாக எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள். நீங்களும் அங்கே நின்று பிடித்தவர் என்பதையும் அதில் எழுதுங்கள்.

அந்த ஒரு நொடி ஆசைக்குப் பயப்படாதீர்கள். உடம்பின் தவிப்பு சில வாரங்களில் அடங்கிவிடும், நினைவு அடங்க நாளாகும். எனக்கு நான்கு வருடம் கழித்தும் ஒரு மழைநாளில் வந்தது. சில நிமிடம் தாக்குப்பிடித்தால் தானாகத் தணியும். அந்த நேரத்தில் அங்கே நிற்காமல் நடையைக் கட்டுங்கள்.

மகளிடம் பேசிவிடுங்கள். பால்கனியில் பிடித்தால் போதும் என்று நினைத்திருந்தேன், தப்பு என்று சொன்னால் போதும். கூடுதலாக எதுவும் வேண்டாம். என் மகனிடம் நான் சொன்னபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. "தெரியும்ப்பா," என்றான். "நீங்க கதை சொல்லும்போது நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேனே, அதுக்குத்தான்." கூச்சம் என்று நான் நினைத்திருந்தேன்.

கடிதம் கொடுத்த பிறகு மாடிப்படி என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

அன்புடன்.