எம்டன் பாட்டு: கடிதம்

வணக்கம். என் தாத்தா ஈசூனில் எங்களோடு இருந்தவரை, சேட்டை செய்யும் என் தம்பியை ‘எம்டன்’ என்றுதான் கூப்பிடுவார். எம்டன் கப்பலைப் பற்றி ஒரு சிந்து உண்டு, தன் அப்பா சென்னைத் தெருவில் கேட்டது என்று சொல்லி முனகுவார். எனக்கு வார்த்தை மறந்துவிட்டது, மெட்டு மட்டும் நினைவிருக்கிறது. குண்டு போட்டவனைப் பற்றிப் பாட்டா? பயந்த சனங்களுக்குப் பாடத் தோன்றுமா?
ஈசூன் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பயந்ததால்தான் பாடியிருக்கிறார்கள். முதல் உலகப்போர் நேரம். 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைமேல் வீசியது, அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சனங்கள் மூட்டை கட்டி ஊரைவிட்டு ஓடினார்கள். கப்பல் மறுபடி வருமா என்று பத்திரிகை படிக்கத் தெரியாதவனுக்கு யார் சொல்வது?

அதற்குத்தான் குஜிலிக்கடைச் சிந்துகள் இருந்தன, சென்னைக் கடைத்தெருவில் விற்ற மலிவுப் பாட்டுப் புத்தகங்கள். ரயில் கவிழ்ந்தாலும் வெள்ளம் வந்தாலும் கொலை விழுந்தாலும் சுடச்சுடப் பாட்டு வந்துவிடும். மட்டமான காகிதத்தில் சில பக்கங்கள், தலைப்புக்குக் கீழே ‘இன்ன மெட்டு’ என்று ஒரு வரி. ஊருக்கே தெரிந்த மெட்டு என்பதால், வாங்கியவன் வீட்டுக்குப் போய் அப்படியே பாடிவிடலாம். உங்களுக்கு மெட்டு மட்டும் மிஞ்சியதில் ஆச்சரியமில்லை. அநேகமாக அது எம்டனுக்கு முந்திய மெட்டு.

என்னை இழுப்பது தாத்தாவின் அந்த ஒற்றைச் சொல்தான். பயமுறுத்திய கப்பலின் பெயர் வசைச்சொல்லாக அல்லவா ஆகியிருக்க வேண்டும்? கெட்டிக்காரனுக்குப் பட்டமாகிவிட்டது. அக்டோபர் 28 அன்று பினாங்கில் நடந்ததைப் பாருங்கள். மூன்று புகைபோக்கி உள்ள கப்பல், நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு ஆங்கிலேயக் கப்பல் மாதிரி துறைமுகத்துக்குள் நுழைந்து, அங்கே நின்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. வெள்ளைக்காரனையே ஏமாற்றிவிட்டானே என்று உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பயமும் சந்தோஷமும் ஒரே வாயில்.

நம் சிங்கப்பூருக்கு எம்டன் வரவில்லை, அதன் ஆட்கள் கைதிகளாக வந்தார்கள். தங்ளின் முகாமில் அடைத்திருந்தார்கள். இன்று டெம்ப்சியில் கோப்பி குடிக்கப் போகிறோமே, அந்தப் பக்கம்தான். 1915 பிப்ரவரி 15 அன்று ஆங்கிலேயப் படையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்து முகாமைத் திறந்துவிட, எம்டன் அதிகாரி லாட்டர்பாக் உட்படச் சிலர் தப்பிவிட்டார்கள். சரியாக 27 வருடம் கழித்து அதே தேதியில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனது. அது தனிக் கதை.

அந்த மெட்டைக் கைப்பேசியில் முனகி அனுப்புங்கள். தேக்காவில் எனக்குத் தெரிந்த பஜனைப் பாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார், எண்பது தாண்டியவர். நாலு சுரம் கேட்டால் மூலப் பாட்டைச் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் உங்களுக்குக் கோப்பி என் செலவு.