கப்பல் அறையில் என்னவெல்லாம் கேட்கலாம்?

சொகுசுக் கப்பல் பயணம் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். 2022 ஜூனில் சென்னையிலிருந்தே இப்படி ஒரு கப்பல் கிளம்ப ஆரம்பித்த பிறகு நம் பக்கத்து ஆட்களும் போக ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகள் டிக்கெட் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள், போகிற அப்பா அம்மாவுக்குத்தான் அறையில் யாரிடம் எதைக் கேட்பது என்று தெரிவதில்லை. கப்பலில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: மகன் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலில் எங்கள் இருவருக்கும் இடம் போட்டிருக்கிறான். என் கணவர் இன்சுலின் போடுகிறவர். எனக்கு முழங்கால் வலி. தனித்தனிக் கட்டில், கூடுதல் தலையணை, மருந்து வைக்க ஃபிரிட்ஜ், இதையெல்லாம் அறையைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கேட்டால் தொந்தரவாக நினைப்பாரா? (ஓய்வு பெற்ற ஆசிரியை, திருநகர்)

தாராளமாகக் கேளுங்கள் டீச்சர். கேபின் ஸ்டூவர்ட், அதாவது அறையைப் பார்த்துக்கொள்கிறவர், இருப்பதே அதற்குத்தான். எப்போது கேட்கிறீர்கள், எத்தனை தடவை கேட்கிறீர்கள் என்பதை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு ஸ்டூவர்டின் பொறுப்பில் பதினைந்து அறை இருக்கும், சில கப்பல்களில் இருபதைத் தாண்டும். நீங்கள் ஏறுகிற நாள்தான் அவருக்கு இருக்கிறதிலேயே கஷ்டமான நாள். பழைய பயணிகள் காலை ஒன்பது, பத்து மணிக்கு இறங்குவார்கள், மதியம் புது ஆட்கள் பெட்டியோடு வந்து நிற்பார்கள், அந்த நடுவில் கிடைக்கிற நேரத்தில் அத்தனை அறைக்கும் விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, குப்பை எடுத்து, துண்டு அடுக்கி முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் நடைபாதையில் நிறுத்தி ஒரு தலையணை கேட்டால் "சரி" என்றுதான் சொல்வார், ஆனால் அது அவர் தலையில் நிற்காது. சாயங்காலம் அவரே கதவைத் தட்டித் தன்னை அறிமுகம் செய்துகொள்வார். அப்போது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் சொல்லுங்கள். பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியாக்காரர்கள்தான் இந்த வேலையில் இருப்பார்கள், எளிய ஆங்கிலம் போதும். ஒரு சின்னச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. பெயர் சட்டையில் குத்தியிருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

கட்டிலைப் பொறுத்தவரை, சாதாரண அறைகளில் பெரும்பாலும் இரண்டு ஒற்றைக் கட்டிலைச் சேர்த்துத்தான் போட்டிருப்பார்கள், பிரித்துவிடலாம். ஆனால் இதை டிக்கெட் போட்டவர் மூலமாக முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்குள் ஸ்டூவர்ட் பிரித்து வைத்துவிடுவார், பெட்டிகளை இறக்கிய பிறகு அந்தச் சின்ன அறையில் கட்டிலை நகர்த்துவது பெரிய பாடு. தலையணை, போர்வை, ஹேங்கர், ஐஸ் இதெல்லாம் சாதாரணமாகக் கொடுப்பார்கள். உங்கள் முழங்காலுக்குக் குளிக்கும்போது உட்கார ஒரு ஸ்டூல் வேண்டுமே, அதைத்தான் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள். கப்பலில் அவை கொஞ்சம்தான் இருக்கும், அதனால் பயணத்துக்குப் பல வாரம் முன்பே கப்பல் நிறுவனத்தின் சிறப்பு உதவிப் பிரிவுக்கு எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இனி இன்சுலின். அறையில் இருக்கும் சின்னப் பெட்டி பல கப்பல்களில் உண்மையான ஃபிரிட்ஜ் கிடையாது, குளிர்பானம் சில்லென்று இருக்கிற அளவுக்குத்தான் குளிரும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஆகவே மருந்துக்கான ஃபிரிட்ஜ் வேண்டும் என்று அதே கடிதத்தில் முன்பே எழுதுங்கள். ஏறியதும் ஸ்டூவர்டிடம் ஒரு ஞாபகப்படுத்தல் போதும்.

பயன்படுத்திய ஊசியைப் போட்டு வைக்க அவர்களிடம் ஒரு கெட்டியான டப்பா இருக்கும், அதையும் மறக்காமல் கேளுங்கள். போட்டு முடித்த ஊசியைக் குப்பைக் கூடையில் போடவே கூடாது. அந்தப் பையை எடுத்துக் கட்டுகிறவர் ஸ்டூவர்டுதான். ஒரு ஊசி கையில் குத்திவிட்டால் ரத்தப் பரிசோதனை, அதன் முடிவு வரும்வரை பயம், எல்லாம் அவருக்கு, வீட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி. டப்பாவைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள் டீச்சர், நீங்கள் கேட்டால் அவருக்கு நிம்மதிதான்.

சைவச் சாப்பாடு பற்றியும் எழுதியிருந்தீர்கள். அது ஸ்டூவர்ட் கையில் இல்லை. டிக்கெட் போடும்போதே குறிப்பிட்டுவிட்டு, முதல் இரவு சாப்பாட்டுக் கூடத்தின் தலைமைப் பணியாளரிடம் நேரில் சொல்லுங்கள். மீன் சாஸ், முட்டை கலந்த நூடுல்ஸ் எல்லாவற்றையும் அவர்தான் கவனித்துச் சொல்வார்.

கேள்வி: பாத்ரூமில் பக்கெட், மக் இருக்காதாமே? எங்கம்மா அதை நினைத்தே வரமாட்டேன் என்கிறார். ஸ்டூவர்டிடம் கேட்டால் கிடைக்குமா? (உசிலம்பட்டி வாசகர்)

பக்கெட் கிடைக்காது. குளிக்க ஷவர்தான், அதுவும் ஒரு ஆள் நிற்கிற இடம். தண்ணீர் பீய்ச்சும் குழாயும் பெரும்பாலான கப்பல்களில் இல்லை. ஸ்டூவர்டிடம் ஒரு ஜக் கேட்கலாம், சிலர் கொண்டுவந்து தருவார்கள், ஆனால் அதை நம்பி அம்மாவை ஏற்றாதீர்கள். டவுன்ஹால் ரோட்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மக் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது. இதைக் கேட்க யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை, நம் பழக்கம் அது.

ஆனால் கழிவறைத் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வாசற்படி கொஞ்சம்தான் உயரம், கப்பல் ஆடினால் தண்ணீர் கம்பளத்துக்கு வந்துவிடும், அதை உலர்த்துவதற்குள் ஸ்டூவர்டின் பாதி நாள் போய்விடும். அப்புறம், கப்பல் கழிவறை காற்றால் உறிஞ்சும் வகையைச் சேர்ந்தது. அங்கே கொடுக்கிற கழிவறைத் தாளைத் தவிர வேறு எதைப் போட்டாலும் அடைத்துக்கொள்ளும், ஈரத் துடைப்பான், நாப்கின், டயப்பர் எதுவும் கூடாது. ஒரு அறையில் அடைத்தால் அதே குழாயில் இருக்கிற பக்கத்து அறைகளும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் இருக்க முடியாது. மாமியாருக்கு வெந்நீர் வேண்டும், சின்னக் கெட்டிலும் எலக்ட்ரிக் குக்கரும் கொண்டுபோகலாம் என்றிருக்கிறோம். ஸ்டூவர்டிடம் நல்லபடியாகப் பேசினால் விட்டுவிடுவாரா? (மேலூர் வாசகி)

விடமாட்டார், விடவும் கூடாது. தயவுசெய்து அவரிடம் இதைக் கேட்கவே கேட்காதீர்கள். அறையில் நெருப்போ சூடேற்றும் கருவியோ பார்த்தால் மேலதிகாரியிடம் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் மறைத்தால் அவர் வேலை போய்விடும். பொதுவாகக் கெட்டில், குக்கர், வெந்நீர்க் கம்பி, இஸ்திரிப் பெட்டி, ஊதுபத்தி, சூடம், மெழுகுவத்தி எல்லாம் தடை. சில ஆசியக் கப்பல்களில் அறையிலேயே கெட்டில் வைத்திருப்பார்கள், அதைப் பயன்படுத்தலாம், நீங்கள் கொண்டுபோவதுதான் கூடாது. பெட்டியை ஏற்றும்போதே ஸ்கேனரில் பார்த்து எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் 26 விடிகாலையில் நம் ரயில் நிலையம் பக்கத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து, லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்களில் 9 பேர் இறந்துபோனார்கள். அந்தப் பெட்டி தரையில் நின்றிருந்தது, தீயணைப்பு வண்டி வர முடிந்தது. நடுக்கடலில் தீயை அணைக்க வேண்டியவர்கள் கப்பலில் இருக்கிற ஊழியர்கள்தான். அவர்களில் உங்கள் ஸ்டூவர்டும் ஒருவர். 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் என்ற கப்பலில் ஒரு பால்கனியில் தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் சேதமடைந்தன, ஒரு பயணி இறந்தார். அணைக்காமல் விட்ட சிகரெட்தான் காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

வெந்நீருக்கு ஒரு நல்ல ஃபிளாஸ்க் கொண்டுபோங்கள், பஃபே கூடத்தில் எப்போதும் சுடுதண்ணீர் இருக்கும். இரவில் மாமியாரால் நடக்க முடியாது என்றால் ஸ்டூவர்டிடமோ அறைச் சேவையிலோ சொல்லி நிரப்பி வாங்கலாம். விளக்குக்கு, பேட்டரியில் எரிகிறது ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், மனசார ஒரு நிமிடம் நின்று கும்பிட்டால் மீனாட்சி ஏற்றுக்கொள்ள மாட்டாளா? பூஜை நேரத்தில் யாரும் உள்ளே வர வேண்டாம் என்றால் அந்த நேரத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ப அவர் சுத்தம் செய்யும் வரிசையை மாற்றிக்கொள்வார். கொரோனாவுக்குப் பிறகு பல கப்பல்களில் தினம் ஒரு தடவைதான் அறையைச் சுத்தம் செய்கிறார்கள், காலையா மாலையா என்று நீங்கள் சொல்லிவிட்டால் இருவருக்கும் நல்லது.

கேள்வி: துண்டில் யானை, குரங்கு செய்து கட்டிலில் வைப்பார்களாமே, என் மகளுக்காகக் கேட்கலாமா? நாங்கள் டின்னருக்குப் போகும்போது அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளவும் சொல்லலாமா? (கோச்சடை வாசகர்)

யானையைக் கேளுங்கள், சந்தோஷமாகச் செய்வார். சில கப்பல்களில் இப்போது கேட்டால்தான் செய்கிறார்கள்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். அவர் நல்ல மனிதர் என்பதால் மறுக்கச் சங்கடப்படுவார், ஆனால் பயணியின் குழந்தையோடு தனியாக அறையில் இருக்க அவருக்கு அனுமதி இல்லை. அதற்கென்று குழந்தைகள் மையம் இருக்கும். இன்னொன்று, பாப்பாவுக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் மறைத்து நீங்களே துண்டால் துடைத்துப் போட்டுவிடாதீர்கள், உடனே சொல்லுங்கள். நோரோவைரஸ் என்ற தொற்றுக் கிருமி என்றால் வேகமாகக் கப்பல் முழுக்கப் பரவலாம், அதைச் சுத்தம் செய்ய அவர்களிடம் தனி மருந்தும் தனி முறையும் இருக்கின்றன.

கேள்வி: பில்லில் தினமும் ஒரு தொகை பிடிக்கிறார்கள் என்கிறார்களே, அதற்கு மேல் ஸ்டூவர்டுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டுமா? (எல்லீஸ் நகர் வாசகர்)

அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர் வரை டிப்ஸாகப் பிடிப்பார்கள். இரண்டு பேர், நான்கு இரவு என்றாலே நூறு டாலரைத் தாண்டிவிடும். அந்தப் பணம் ஸ்டூவர்ட், சாப்பாட்டுக் கூடத்து ஆட்கள், கண்ணுக்குத் தெரியாமல் சலவையிலும் சமையலிலும் நிற்கிறவர்கள் என்று பலருக்கும் பிரிகிறது. வரவேற்பு மேசையில் கேட்டால் பல கப்பல்களில் அதை எடுத்துவிடுவார்கள். எடுக்கச் சொல்லாதீர்கள். டிக்கெட் வாங்கும்போதே இதையும் செலவில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் கொடுப்பது உங்கள் விருப்பம், கட்டாயம் இல்லை. ஆனால் ஸ்டூல், மருந்து ஃபிரிட்ஜ், தினம் இரண்டு தடவை ஐஸ் என்று கூடுதலாகச் செய்திருந்தால் ஒரு கவரில் வைத்து நேரில் கொடுங்கள், கூடவே அவர் பெயரைக் கருத்துப் படிவத்தில் எழுதுங்கள். அந்த நாலு வரி அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் உதவும்.

கேள்வி: என் மகன் ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்திருக்கிறான். ஸ்டூவர்ட் வேலைக்கு ஒரு ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார். நகையை வைத்துக் கொடுக்கலாமா? வேலை எப்படி இருக்கும்? (வாடிப்பட்டி வாசகி)

நகையை வைக்காதீர்கள் அம்மா. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006 என்று ஒன்று இருக்கிறது, 2013-ல் நடைமுறைக்கு வந்தது, 2015-ல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. அதன்படி வேலைக்கு எடுப்பதற்காகக் கப்பல் பணியாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, சிடிசி எனப்படும் கப்பல் பணியாளர் புத்தகம், இவற்றின் செலவு மட்டும் நம்முடையது. விசா செலவு கப்பல் உரிமையாளருடையது. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிகளுக்குப் பணம் கட்ட வேண்டிவரும், அதை அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்திலேயே நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள்.

வேலை கடுமையானதுதான், ஆனால் கௌரவமான வேலை. ஒப்பந்தம் ஆறு முதல் ஒன்பது மாதம், வார விடுமுறை என்று ஒன்று கிடையாது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், வாரத்தில் 77 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்பது அந்த உடன்படிக்கையின் விதி. அந்தப் பத்து மணி நேரத்தையும் இரண்டாகப் பிரிக்கலாம், ஒரு பகுதி ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. முதல் மாதம் முதுகும் மணிக்கட்டும் வலிக்கும், மெத்தைகளைத் தூக்கித் தூக்கி. அதைத் தாங்கினால் தம்பி நல்லா வருவான்.

ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஏஜென்டிடம் கேட்டு வாங்கி, மத்திய அரசின் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங்கின் இணையதளத்தில் இருக்கிறதா, செல்லுபடியாகிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். எண் தராமல் இழுத்தால், பணம் கொடுத்தால்தான் தருவேன் என்றால், அவரோடு பேச்சை அன்றைக்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.