படித்த புத்தகங்களுக்கு ஒரு நோட்டு

கேள்வி: திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். ஜனவரியில் புத்தகக் கண்காட்சி போய்வந்த சூட்டோடு, ‘வருஷத்துக்கு 52 புத்தகம்’ என்று, படித்ததைப் பதிந்து வைக்கும் குட்ரீட்ஸ் செயலியில் இலக்கு வைத்தேன். ஜூன் வந்துவிட்டது, 11-இல் நிற்கிறேன். எண்ணிக்கையைக் கூட்ட ஒல்லியான புத்தகமாகத் தேடி எடுப்பது எனக்கே தெரிகிறது. போன வாரம் நூலகத்திலிருந்து கொண்டுவந்த நாவல், நூறு பக்கம் தாண்டிய பிறகுதான் ஏற்கெனவே படித்தது என்று உறைத்தது. ‘நீ படிக்கிறதைவிட கணக்கு எழுதுறதுதான் ஜாஸ்தி’ என்று கணவர் கிண்டல் செய்கிறார். இப்படிக் குறித்து வைப்பதால் பயன் உண்டா? உண்டென்றால் எப்படிச் செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒன்று இலக்கு, மற்றொன்று பதிவு. உங்களைப் படுத்துவது இலக்கு. நூறு பக்கம் வீணாகாமல் உங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது பதிவு. முதலாவதை இன்றே அழித்துவிடுங்கள். ‘இத்தனை புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள்’ என்று நினைவூட்ட ஒரு செயலி எதற்கு? அலுவலகத்தில் டார்கெட் பார்ப்பது போதாதா?

எண்ணிக்கையே தகராறு பிடித்த விஷயம். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம். அது ஒரு புத்தகமா, ஐந்தா? நாற்பது பக்கக் கவிதைத் தொகுப்பும் எழுநூறு பக்க நாவலும் சமமா? ஒரு சிறுகதைத் தொகுப்பில் ஆறு கதை மட்டும் படித்தால் அரைப் புத்தகமா? எண்ணத் தொடங்கினால்தான் இந்தக் கேள்விகளெல்லாம் வரும். தேதி போட்டு எழுதி வைக்கிறவருக்கு வராது. அவர் ‘ஆறு கதை படித்தேன்’ என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

பதிவு மட்டும் அவசியம், அதிலும் உங்களுக்கு. காசு கொடுத்து வாங்கிய புத்தகம் அலமாரியில் நிற்கிறது. முதுகைப் பார்த்தாலே பாதி ஞாபகம் வந்துவிடும். நூலகப் புத்தகம் திரும்பிப் போய்விடுகிறது. உங்களிடம் மிஞ்சுவது நீங்கள் எழுதி வைத்தது மட்டும்தான்.

சரி, என்ன எழுதுவது? தலைப்பு, ஆசிரியர், தொடங்கிய தேதி, முடித்த தேதி. மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கட்டாயம் சேருங்கள். ஒருவர் மொழிபெயர்ப்பில் ஓடாத நாவல் இன்னொருவர் கையில் ஓடும். பல பேர் விடுகிற தகவல் பதிப்பகமும் பதிப்பாண்டும். நம் ஊரில் இது ரொம்ப முக்கியம். கல்கியைப் போல எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவர்களின் நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஒரே நாவல் ஐந்தாறு அட்டைகளில் கிடைக்கும், பக்க எண் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, நடுவில் சுருக்கப் பதிப்பும் இருக்கும். ‘பக்கம் 214-இல் அந்த உரையாடல்’ என்று குறித்துவிட்டுப் பதிப்பகத்தை எழுதாமல் விட்டால், மூன்று வருஷம் கழித்து வேறு பதிப்பில் அதைத் தேடி அலைய வேண்டியதுதான்.

அப்புறம், அந்தப் புத்தகம் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை. மாவட்ட மைய நூலகம், தோழி கொடுத்தது, பழைய புத்தகக் கடை, ஏதோ ஒரு கட்டுரையில் பார்த்தது, இப்படி. வருஷக் கடைசியில் இந்த ஒரு பத்தியை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். யார் சிபாரிசு செய்தால் உங்களுக்குப் பிடிக்கிறது, யார் ‘ஆஹா ஓஹோ’ என்றால் தள்ளி நிற்பது நல்லது என்று தெரிந்துவிடும். நட்சத்திர மதிப்பெண்களைவிட இதைத்தான் நான் நம்புவேன்.

கதைச்சுருக்கம் வேண்டாம். அது பின்னட்டையிலேயே இருக்கிறது. உங்களை நிறுத்திய இடம் எது, எரிச்சல் எங்கே வந்தது, எதை நம்ப முடியவில்லை என்று இரண்டு வரி போதும். ‘அருமையான நாவல்’ என்பது குறிப்பே இல்லை; அடுத்த வருஷம் அதைப் பார்த்து உங்களுக்கு எதுவும் ஞாபகம் வராது. ‘மாமியார் பாத்திரம் மட்டும் உயிரோடு இருக்கிறது, மற்றவர்கள் ஆசிரியருக்காகப் பேசுகிறார்கள்’ என்று எழுதியிருந்தால், மொத்த நாவலும் எழுந்து வரும். அப்படி இரண்டு வரி தோன்றாத நாளில் புத்தகத்தின் பெயரும் தேதியும் மட்டும் போதும். 1922-இல் எரவாடா சிறைக்குப் போன காந்தி அங்கே வைத்திருந்த நாட்குறிப்பில், எந்தப் புத்தகத்தைத் தொடங்கினார், எதை முடித்தார் என்று சுருக்கமாகத்தான் குறித்திருக்கிறார்.

பாதியில் விட்டதையும் எழுதுங்கள். இதில்தான் நிறையப் பேர் கூச்சப்படுகிறார்கள். சார்லஸ் டார்வின் 1838 முதல் 1860 வரை படிப்புக்கென்றே நோட்டு வைத்திருந்தார். படிக்க வேண்டியவை ஒரு பட்டியல், படித்தவை இன்னொரு பட்டியல். சில தலைப்புகளுக்குப் பக்கத்தில், மேலோட்டமாகப் புரட்டியது என்று அவரே குறித்திருக்கிறார். அவருக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு? ‘பக்கம் 60-இல் விட்டேன், வட்டார வழக்கு பிடிபடவில்லை’ என்பது பயனுள்ள குறிப்பு. இரண்டு வருஷம் கழித்து அதே புத்தகம் ஓடினாலும் ஓடும். ஒல்லிப் புத்தகம் தேடுகிற பழக்கத்துக்கும் இதுவே மருந்து. விட்டதையும் எழுதலாம் என்றால் தடித்த புத்தகத்தைத் தொட பயம் இருக்காது.

நோட்டா, செயலியா? எனக்கு நோட்டுதான் பிடிக்கும். காரணம் பெரும்பாலும் பழக்கம். செயலியில் தமிழ்ப் புத்தகங்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஒரே எழுத்தாளர் தமிழ் எழுத்தில் ஓர் ஆளாகவும் ஆங்கில எழுத்தில் இன்னோர் ஆளாகவும் இருப்பார். சின்னப் பதிப்பகங்களின் நூல்கள் பலவும் இருக்கவே இருக்காது, நாமே சேர்க்க வேண்டும். ஆனால் ‘இதை முன்பே படித்தேனா?’ என்று நூலக அலமாரி முன் நின்றுகொண்டு பார்க்க நோட்டு உதவாது, ஃபோன்தான் உதவும். அதனால் உங்களுக்கு ஒரு கூகுள் ஷீட் போதும் என்று நினைக்கிறேன். குட்ரீட்ஸில் ஏற்கெனவே ஏற்றியதை மொத்தமாக ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அந்த 11-ஐ மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. இரண்டு வரிக் குறிப்பைக் கையால் எழுதத் தோன்றினால் தனி நோட்டில் எழுதுங்கள், தேதி ஒன்றாக இருந்தால் போதும்.

அடுத்த ஜனவரிக்குக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே தொடங்கலாம். முதல் வரியாக அந்த நாவலையே பதியுங்கள்: ‘மறுவாசிப்பு, முதல் முறை எப்போது என்று தெரியவில்லை.’ நூறு பக்கம் வரை ஏன் அடையாளம் தெரியவில்லை, எந்த இடத்தில் தெரிந்தது என்று சேர்த்து எழுதினால் உங்கள் இரண்டு வரி தயார்.

கணவர் கிண்டலுக்கு என்னிடம் மருந்து இல்லை. ஒரு புத்தகத்துக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் எழுதினால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளுங்கள்.