மூன்று லீட்டர் எஞ்சின் யாருக்கு?

கேள்வி: ஐயா, நான் ராகலைப் பக்கம், வயது 34. 2019இல் எடுத்த 700 சிசி பட்டா லொறியில் லீக்ஸ், கரட், கோவா ஏற்றுகிறேன். வாரத்தில் நான்கு நாள் நுவரெலியா பொருளாதார மத்திய நிலையம், இரண்டு நாள் கண்டி. மாதம் 2,400 கிலோமீற்றர் ஓடும். டீசல், கூலி, சாப்பாடு எல்லாம் போக 1,75,000 மிஞ்சும். அதில் லீசிங் 38,300, வீட்டுச் செலவு 90,000. இன்னும் 11 தவணை இருக்கிறது. நடுவில் அதே வண்டியை இரண்டு தடவை திரும்பவும் லீசிங் போட்டேன். ஒன்று தங்கச்சி கல்யாணத்துக்கு, மற்றது 2022 கடைசியில் மச்சான், மனைவியின் அண்ணன், கட்டார் போக. மழை நாளில் தோட்டப் பாதையில் சுமையோடு வண்டி ஏற மறுக்கிறது. பின்னால் நிற்கும் பையன் குதித்து டயருக்குக் கட்டை வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு கெப் பார்த்து வைத்திருக்கிறேன். 2.5 டர்போ சிங்கிள் கெப் 68 லட்சம். மூன்று லீட்டர் டபிள் கெப் 115 லட்சம். மச்சான் மூன்று லீட்டரைத்தான் எடுக்கச் சொல்கிறார், லீவில் வரும்போது குடும்பத்தோடு கதிர்காமம் போகலாமாம். அவர் இன்னும் ஒழுங்காகக் காசு அனுப்பத் தொடங்கவில்லை. லீசிங்காரர் சொல்வது, முதல் வருடம் வட்டி மட்டும் கட்டினால் போதும், பெரிய எஞ்சின் வண்டிக்கு மதிப்பு இறங்காது, அவசரத்துக்கு அதன் மேலேயே காசு எடுக்கலாம் என்று. முற்பணம் 40 லட்சம் புரட்டலாம்: பட்டாவை விற்று லீசிங்கை முடித்தால் மிஞ்சுவது 14, கையில் 8, அப்பாவின் ஈபிஎஃப் 11, மனைவியின் நகையை அடகு வைத்தால் 7. எந்த எஞ்சின் மலைக்குச் சரி?

பதில்: தம்பி, நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் என்றால் 2.5 டர்போ போதும், சிங்கிள் கெப்பாகவே எடுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது எஞ்சின் அல்ல, லீசிங்காரர் சொன்ன கடைசி வார்த்தைதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எஞ்சினை முடித்துவிடுவோம். மரக்கறி மலையிலிருந்து கீழே போகிற பொருள். கண்டிக்குப் போகும்போது சுமை ரம்பொடை வழியாக இறங்குகிறது. திரும்பி ஏறுவது வெறும் வண்டி, மிஞ்சினால் நாலு உர மூடை. முழுச் சுமையோடு நீங்கள் உண்மையாக ஏறுவது தோட்டத்திலிருந்து பிரதான வீதிவரை உள்ள அந்தச் சின்னத் துண்டுப் பாதைதான். கட்டை வைக்கிற இடமும் அதுதான். அந்தத் துண்டுக்காக மாதம் 2,400 கிலோமீற்றருக்கும் மூன்று லீட்டர் எஞ்சினுக்கு டீசல் ஊற்றுவது, கிணற்றில் ஒரு வாளி அள்ள பவுசர் வாங்குவது போல.

சிசி கூடினால் இழுவை கூடும் என்பதும் அரை உண்மைதான். பழைய டொயோட்டா ஹைலக்ஸ் கெப்பில் வந்த, 3எல் என்று பெயர் கொண்ட எஞ்சின் 2,779 சிசி, டர்போ கிடையாது, நூறு குதிரைச் சக்தியைத் தொடாது. பிறகு வந்த 2கேடி என்ற எஞ்சின் 2,494 சிசிதான். டர்போவோடு நூறைத் தாண்டும். நம் மலையில் இந்த வித்தியாசம் இன்னும் விரியும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் அந்தளவு காற்றைக் குறைவாகத்தான் இழுக்கும், பலமும் ஏறக்குறைய அந்தளவு இறங்கும். டர்போ உள்ளது காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அதைப் பெருமளவு ஈடுசெய்துவிடும். கராஜில் எந்த பாஸிடம் கேட்டாலும் இதைத்தான் வேறு வார்த்தையில் சொல்வார்.

நீங்கள் பார்த்த மூன்று லீட்டர் இன்னும் பலமானது, மறுக்கவில்லை. இறக்கத்தில் கியரில் பிடிக்கும்போதும் பெரிய எஞ்சின் கொஞ்சம் கூடப் பிடிக்கும். ஆனால் ஒரு டன்னுக்கு 2.5 இரண்டாவது கியரில் இறங்கினால் போதுமான அளவு பிடிக்கும். அதைவிட பிரேக்குக்குச் செலவழியுங்கள். இன்னொன்று, டபிள் கெப்பின் பின்தட்டு ஐந்தடி சொச்சம், சிங்கிள் கெப்பினது ஏழடிக்கு மேல். லீக்ஸ் பாரமான சரக்கு இல்லை, இடத்தைப் பிடிக்கிற சரக்கு. 115 லட்சம் கொடுத்து, இப்போது பட்டாவில் ஏற்றுவதைவிடக் கூட ஏற்ற முடியாத வண்டியை வாங்கப் பார்க்கிறீர்கள்.

டீசலை லீட்டர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சுமையோடு மலையில் 2.5 எஞ்சின் ஒரு லீட்டர் டீசலுக்கு 10 கிலோமீற்றர் ஓடினால் மாதம் 240 லீட்டர், 72,000 ரூபாய். மூன்று லீட்டர் எஞ்சின் 8 ஓடினால் 300 லீட்டர், 90,000. மாதம் 18,000 வித்தியாசம். இது வலிக்கும், ஆளை முடிக்காது.

ஆளை முடிப்பது அந்த 'முதல் வருடம் வட்டி மட்டும்'. 115இல் 40 போக 75 லட்சம் கடன். 15 வீத வட்டி என்று வைத்தால் முதல் வருடம் மாதம் 94,000 அளவில் வரும். சமாளிக்கலாம் போலத்தான் தெரியும், தெரிவதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு மாதம் கட்டிய பிறகும் 75 லட்சம் அப்படியே நிற்கும். அதை மிச்சம் நான்கு வருடத்தில் கட்ட வேண்டும். தவணை மாதம் 2,09,000 அளவுக்கு எகிறும். உங்கள் மொத்த மிச்சமே இன்று 1,75,000. வண்டியை சீஸ் பண்ண வருகிறவர் இன்று உங்களிடம் இனிக்கப் பேசும் அதே லீசிங்காரராக இருக்க மாட்டார், வேறு ஆளை அனுப்புவார்கள்.

இனி அந்தக் கடைசி வார்த்தை. "அவசரத்துக்கு அதன் மேலேயே காசு எடுக்கலாம்." இதை அவர் உங்களிடம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் அப்படி எடுக்கிற ஆள் என்று அவருடைய கோப்பிலேயே இருக்கிறது. 2019இல் போட்ட லீசிங் நான்கு வருடத்துக்கு என்றாலும் 2023இல் முடிந்திருக்கும். இன்று வண்டி உங்கள் பெயரில் சொந்தமாக நின்றிருக்கும். அது உங்கள் குடும்பத்துக்கு அடகுக் கடையாகிவிட்டது. உழைக்கிற வண்டி ஒன்றுதான், அதை இரண்டு தடவை வைத்தாகிவிட்டது. எஞ்சின் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக அடுத்த தடவை வைக்கலாம். மூன்று லீட்டர் பற்றி மச்சானும் லீசிங்காரரும் ஒரே குரலில் பேசுவது இதனால்தான்.

தங்கச்சி கல்யாணத்தைப் பற்றி நான் பேசமாட்டேன், அது அண்ணனின் கடமை, முடிந்தது. மச்சானின் கணக்கை மட்டும் போடுவோம். 2022 கடைசி என்பது மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டியையே 15.5 வீதத்தில் வைத்திருந்த நேரம். அதற்கு மேல் லீசிங் கம்பனிகள் வைத்தது தனி. உங்கள் 38,300 தவணையைப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். நான்கு வருடத்துக்கு 11 லட்சம், வட்டி 28 வீதத்துக்குக் கிட்ட என்றால் பொருந்துகிறது. அதில் கட்டார் பயணத்துக்கு 6 லட்சம் போயிருந்தால், அவருக்காக மட்டும் மாதம் 20,900 கட்டுகிறீர்கள். 48 மாதத்தில் 10 லட்சம். 6 வாங்கியவர் 6ஐயே இன்னும் தரவில்லை, நீங்கள் 10 கட்டி முடிக்கப் போகிறீர்கள். அவர்தான் இப்போது எத்தனை லீட்டர் எஞ்சின் என்று கட்டாரிலிருந்து தீர்மானிக்கிறார்.

சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. மனைவியின் கூடப்பிறந்தவர், நாளைக்குப் பிள்ளையின் காதுகுத்துக்கு மடியில் வைத்துக்கொள்ளப் போகிறவரும் அவர்தான். மனைவி மூலமாகவே கேளுங்கள்: மிச்சம் 11 மாதத்துக்கு மாதம் 20,900, தேதி குறித்து, உங்கள் கையில் அல்ல, நேராக லீசிங் கணக்குக்கு. நகையை அடகு வைக்கக் கேட்கப்போவது மச்சானின் தங்கச்சியான உங்கள் மனைவியின் கழுத்திலிருந்துதானே, அவர் பேசினால் எடுபடும்.

அப்பாவின் 11 லட்சத்தைப் பட்டியலிலிருந்து இப்போதே வெட்டிவிடுங்கள். கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியுமாக உழைத்த சம்பளத்தில் மாதம் மாதம் பிடித்துச் சேர்த்த காசு அது. ஒரே ஒரு தடவைதான் வரும், திரும்ப லீசிங் போட முடியாது. நகையும் அப்படியே பெட்டியில் இருக்கட்டும். பள்ளத்தில் வண்டி போன நாளில் எடுக்க ஏதாவது வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? இந்தப் போகத்தில் எதையும் வாங்காதீர்கள். 11 தவணையையும் கட்டி முடித்து வாகனப் புத்தகத்தைக் கையில் எடுங்கள். உங்கள் கணக்குப்படியே தவணையும் வீட்டுச் செலவும் போக மாதம் 46,000க்கு மேல் மிஞ்ச வேண்டும்; ஆறேழு வருட ஓட்டத்துக்குப் பிறகும் கையில் 8 லட்சம்தான் என்றால் அது யார் யாருடைய வீட்டுக்குப் போகிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்த 11 மாதத்தில் 4 லட்சமாவது ஒதுக்குங்கள். பட்டா 17க்குப் போனாலும் 17, 8, 4 சேர்ந்து 29 லட்சம். அன்று 68க்கு ஒரு 2.5 கிடைத்தால் கடன் 39 லட்சம், ஐந்து வருடத்துக்கு மாதம் 93,000 அளவில். இன்றே அவசரப்பட்டு வாங்கினால் கடன் 46, தவணை 1,09,000.

வருமானம் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முக்கால் டன் ஏற்றுகிறவர் ஒரு டன் ஏற்றினால் வாடகை மூன்றில் ஒரு பங்கு கூடும், டீசல் அதில் கொஞ்சத்தைத் தின்னும். உங்கள் 1,75,000 ஒரு 2,10,000 ஆகும் என்று வைக்கிறேன். 93,000 தவணையும் 90,000 வீட்டுச் செலவும் போக 27,000 மிஞ்சும். இன்று வாங்கினால் மிஞ்சுவது 11,000. பழைய டர்போ டீசலில் இன்ஜெக்டர் நான்கும் ஒன்றாகப் போனால் லட்சக் கணக்கில் கேட்பார்கள். 11,000 மிஞ்சுகிறவர் அன்று எங்கே போவார்? திரும்பவும் லீசிங்குக்குத்தான். 27,000இல் பாதியை அதற்கென்றே வேறு வங்கியில், அட்டை எடுக்காத கணக்கில் போட்டு வாருங்கள்.

பார்க்கப் போகும் நாளில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள். விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள். விற்கிறவர் முன்னமே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். பத்து உருளைக்கிழங்கு மூடையை ஏற்றி ஏற்றத்தில் நிறுத்தி, அங்கிருந்து முதல் கியரில் எடுங்கள். கறுப்புப் புகை கொட்டினாலும், கிளட்ச் தீய்ந்த மணம் வந்தாலும் விலையைப் பேசவே வேண்டாம். அந்தக் கட்டையை மட்டும் பட்டாவோடு சேர்த்து விற்றுவிடாதீர்கள். மழை நாளில் அந்தத் தோட்டப் பாதைக்கு எந்த எஞ்சின் வந்தாலும் அது பின்தட்டில் இருக்கட்டும்.